பனிக்கு அடியில் என்ன இருக்கிறது? ரேடார் பற்றி வாசகர்கள் கேட்டவை

செவ்வாயின் தென்துருவப் பனிக்குக் கீழே ஏரி இருக்கிறதா இல்லையா என்ற விவாதம் மறுபடியும் செய்திகளில் அடிபட்டதிலிருந்து ரேடார் பற்றித்தான் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கே: நிலத்தையும் பனியையும் ஊடுருவும் ரேடார் என்கிறார்களே சார், எக்ஸ்ரே மாதிரி உள்ளே இருப்பதைப் படம் பிடித்துக் காட்டிவிடுமா?

ப: படம் பிடிக்காது. அது அளப்பது இரண்டே இரண்டுதான்: எதிரொலி எவ்வளவு நேரம் கழித்து வந்தது, எவ்வளவு பலமாக வந்தது. ஒரு சிறிய ரேடியோ துடிப்பைக் கீழே அனுப்புகிறார்கள். போகும் வழியில் பொருளின் மின் தன்மை எங்கெல்லாம் மாறுகிறதோ, அதாவது பனி முடிந்து பாறை தொடங்கும் இடம், சுத்தமான பனிக்கு நடுவே எரிமலை அமிலம் கலந்த ஒரு அடுக்கு, பாறைக்குள் ஒரு வெற்றிடம், அங்கெல்லாம் அலையில் கொஞ்சம் திரும்பி வரும், மீதி இன்னும் கீழே போகும். பனிக்குள் ரேடியோ அலை ஒரு மைக்ரோ வினாடிக்குச் சுமார் 168 மீட்டர் போகிறது (வெற்றிடத்தில் 300 மீட்டர்). 3 கிலோமீட்டர் பனியின் அடியைத் தொட்டுத் திரும்ப ஏறக்குறைய 36 மைக்ரோ வினாடி ஆகும். நேரம் தெரிந்தால் ஆழம் தெரியும்.

நாம் செய்திகளில் பார்க்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் எப்படி வருகிறது என்றால், ஒவ்வொரு துடிப்புக்கும் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு கிடைக்கும், கருவி நகர நகர அந்தக் கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே போவார்கள், அவ்வளவுதான். அதனால் அதைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். புதைந்து கிடக்கும் ஒரு ஒற்றைப் பாறாங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கருவி அதற்கு நேர் மேலே வருவதற்கு முன்பே சாய்வாகப் போன அலை அதைத் தொட்டுத் திரும்பிவிடும். நேர் மேலே வரும்போது தூரம் மிகக் குறைவு, தாண்டிப் போனதும் மறுபடி கூடும். ஆகவே கல் ஒரு புள்ளியாகத் தெரியாமல் கவிழ்ந்த வளைவாகத் தெரியும். இந்த வளைவால் ஒரு பெரிய லாபம் உண்டு. அது எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை வைத்து அந்த மண்ணில் அலை போகும் வேகத்தையே கணக்குப் போட்டுவிடலாம், வேகம் தெரிந்தால் மண்ணின் அடர்த்தியைக்கூட ஓரளவு சொல்லிவிடலாம்.

கே: ரேடியோ அலை கிலோமீட்டர் கணக்கில் பனிக்குள் போகுமாம், ஈரக் களிமண்ணில் ஒரு மீட்டர் போகத் திணறுமாம். பனியும் தண்ணீர்தானே?

ப: மூலக்கூறு ஒன்றுதான், ஆனால் அதன் சுதந்திரம் வேறு. திரவ நீரில் ஒவ்வொரு மூலக்கூறும் அலையின் மின்புலத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொள்ளும். பனியில் அவை படிகத்துக்குள் பூட்டப்பட்டுவிடுவதால் அந்த வேகத்துக்குத் திரும்ப முடியாது. மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இணங்குகிறது என்பதைச் சொல்லும் எண் பனிக்குச் சுமார் 3.2, தண்ணீருக்கு 80க்கும் மேல். இந்தப் பெரிய இடைவெளியால்தான் பனிக்கு அடியில் தண்ணீர் இருந்தால் எதிரொலி பளிச்சென்று வருகிறது. தண்ணீரில் உப்பு கலந்தால் அது மின்சாரத்தையும் கடத்தும், அப்போது அலையின் ஆற்றல் வெப்பமாகி வீணாகிவிடும். ஈரக் களிமண்ணில் நடப்பது இதுதான்.

பனி எவ்வளவு குளிர்ந்து இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. அண்டார்க்டிகாவின் உள்பகுதியில் 4 கிலோமீட்டர் தாண்டியும் அடிப்பாறை தெரிகிறது. உருகுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் மலைப் பனியாறுகளில் உள்ளே சிறு சிறு நீர்ப் பைகள் இருக்கும், அவை அலையைச் சிதறடித்துவிடும், அங்கே சில நூறு மீட்டர் ஆழம் பார்ப்பதற்கே படாத பாடு படுகிறார்கள்.

எல்லாத் திரவமும் தடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கோளின் டைட்டன் நிலவில் இருக்கும் கடல்கள் மீத்தேன், ஈத்தேன் திரவங்களால் ஆனவை, ரேடாருக்கு அவை பெரும்பாலும் கண்ணாடி போலத்தான். காசினி விண்கலம் 2013இல் லிஜியா மாரே என்ற கடலுக்கு மேலே பறந்தபோது மேல்பரப்பிலிருந்து ஒரு எதிரொலியும் கடலடியிலிருந்து இன்னொன்றும் தனித்தனியாக வந்தன. ஆழம் சுமார் 160 மீட்டர். இன்னொரு உலகத்துக் கடலின் ஆழத்தை மனிதர்கள் முதன்முதலில் அளந்தது அப்படித்தான். எனக்கு அது இன்னும் புல்லரிக்கும் விஷயம்.

கே: இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது?

ப: ஒருவரைச் சொல்ல முடியாது. 1929இலேயே டபிள்யூ. ஸ்டெர்ன் ஆஸ்திரியாவில் ஒரு பனியாற்றின் ஆழத்தை ரேடியோ முறையில் அளந்து பார்த்திருக்கிறார், பிறகு அது மறந்தே போனது. அப்புறம் துருவப் பகுதிகளில் பறந்த விமானங்களின் ரேடார் உயரமானி பனிக்கு மேலே தப்பான உயரம் காட்டத் தொடங்கியது. அலை பனியின் மேல்பரப்பைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போய் அடியைத் தொட்டு வந்தால், விமானம் உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாகக் காட்டும். விமானிக்கு இது உயிர் போகும் விஷயம். அமெரிக்க ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த அமோரி வெயிட் பனி ரேடியோ அலைக்கு வழிவிடுகிறது என்று 1950களில் நிரூபித்துக் காட்டினார், 1960களில் கேம்பிரிட்ஜில் ஸ்டான் எவன்ஸ் இதற்கென்றே தனிக் கருவி செய்தார்.

1967 முதல் 1979 வரை கேம்பிரிட்ஜ் குழுவினர் அமெரிக்க, டென்மார்க் நிறுவனங்களோடு சேர்ந்து அண்டார்க்டிகாவின் மேலே 4 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து அளந்தார்கள். எல்லாம் 35 மி.மீ. ஃபிலிமில் பதிவானது. அந்த ஃபிலிம் சுருள்கள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. பிற்பாடு ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதை முழுக்க டிஜிட்டலாக மாற்றி, புதிய அளவீடுகளோடு வைத்துப் பார்த்தார்கள். அண்டார்க்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாற்றின் கிழக்கு மிதவைப் பனித்தட்டு 1978க்கும் 2009க்கும் இடையே 10 முதல் 33 சதவீதம் வரை மெலிந்திருப்பது 2019இல் அப்படித்தான் தெரியவந்தது. அன்றைக்கு அந்தச் சுருள்களைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்தவர்களுக்கு நாம் எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறோம்.

கே: அனுப்பும் சக்தியைக் கூட்டிவிட்டால் எவ்வளவு ஆழமும் போகலாமே?

ப: ஓரளவுக்குத்தான். பொருளுக்குள் போகப் போக அலை மடங்கு மடங்காகத் தேய்வதால் சக்தியை இரட்டிப்பாக்கினாலும் ஆழம் கொஞ்சம்தான் கூடும். உண்மையான பேரம் அதிர்வெண்ணில் இருக்கிறது. அதிர்வெண் குறைந்தால் ஆழமாகப் போகும், ஆனால் நுணுக்கம் போய்விடும். செவ்வாயைச் சுற்றும் இரண்டு கருவிகளைப் பார்த்தாலே புரியும். மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தில் உள்ள மார்சிஸ் 1.3 முதல் 5.5 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது, சில கிலோமீட்டர் ஆழம் பார்க்கும், ஆனால் நூறு மீட்டருக்குள் இருக்கும் அடுக்குகளைப் பிரித்துச் சொல்லத் தடுமாறும். இன்னொரு விண்கலத்தில் உள்ள ஷராட் 20 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவு ஆழம் போகாது, ஆனால் 10 மீட்டர் தடிமன் அடுக்கையும் தனியாகக் காட்டிவிடும். செவ்வாயின் வடதுருவப் பனியில் புத்தகப் பக்கங்கள் போல அடுக்குகள் தெரியும் அந்த அழகான படங்கள் ஷராட் தந்தவை.

கே: பனிக்கடியில் இதுவரை கண்டதிலேயே உங்களுக்குப் பிடித்தது எது?

ப: எல்லாரும் வோஸ்டாக் ஏரியைச் சொல்வார்கள். அண்டார்க்டிகாவில் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் பனிக்குக் கீழே 250 கிலோமீட்டர் நீளமும் 50 கிலோமீட்டர் அகலமும் கொண்ட திரவ ஏரி! ரேடாரில் ஏரி என்பது மட்டமான, பளிச்சென்ற கோடாகத் தெரியும், மேடு பள்ளமான பாறைக்கு நடுவே அது துண்டாகத் தெரிந்துவிடும். கிரீன்லாந்தில் ஹையாவதா பனியாற்றுக்கு அடியில் 31 கிலோமீட்டர் அகலப் பள்ளம் ஒன்று 2018இல் அறிவிக்கப்பட்டது, விண்கல் மோதி உண்டானது. முதலில் அது பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையதாகக்கூட இருக்கலாம் என்று பேசினார்கள், மணலையும் பாறையையும் எடுத்து வயது பார்த்தபோது சுமார் 5 கோடியே 80 லட்சம் ஆண்டு என்று வந்தது. வடிவத்தை ரேடார் சொல்லும், வயதைச் சொல்லாது.

என் ஓட்டு இவை எதற்கும் இல்லை, பனிக்குள் இருக்கும் அடுக்குகளுக்குத்தான். எப்போதோ ஒரு எரிமலை வெடித்திருக்கும், அதன் அமிலம் பனியோடு சேர்ந்து விழுந்திருக்கும், அந்த ஒரு அடுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே கோடாக ரேடாரில் ஓடும். அந்தக் கோட்டில் எங்கே கை வைத்தாலும் ஒரே வயது. ஓரிடத்தில் துளையிட்டு வயது கண்டுவிட்டால் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் அடுத்த இடத்தின் வயதையும் சொல்லலாம். மிகப் பழைய பனி தேடி அண்டார்க்டிகாவில் லிட்டில் டோம் சி என்ற இடத்தை ஐரோப்பிய ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்ததே இப்படிப்பட்ட ரேடார் ஆய்வை நம்பித்தான். 2025 ஜனவரியில் அங்கே 2,800 மீட்டர் தோண்டி அடிப்பாறையைத் தொட்டார்கள், கிடைத்த பனி குறைந்தது 12 லட்சம் ஆண்டுப் பழமை.

கே: ஆபத்தான கதிர்வீச்சா இது?

ப: இல்லை. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் வகைக் கதிர் கிடையாது, சாதாரண ரேடியோ அலைதான். தரையில் இழுத்துப்போகும் கருவிகளின் சக்தியும் மிகக் குறைவு. ஆபத்திலிருந்து காப்பாற்றும் கருவி என்று வேண்டுமானால் சொல்லலாம்: தென்துருவத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் டிராக்டர்களுக்கு முன்னே ஒரு நீண்ட கழியில் ரேடாரைக் கட்டிக்கொண்டு, மேலே பனி மூடி மறைந்திருக்கும் பிளவுகளைக் கண்டுபிடித்துத்தான் வழி அமைக்கிறார்கள்.

கே: செவ்வாயில் ஏரி உண்டு என்றார்கள், களிமண் என்றார்கள், இப்போது ஒன்றுமே இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?

ப: அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. கோபத்தோடு எழுதியவர்களும் உண்டு. முதலிலிருந்து வருவோம்.

2012 முதல் 2015 வரை மார்சிஸ் ஒரே இடத்தின் மேலே பலமுறை பறந்து 29 முறை அளந்தது. தென்துருவப் பனிப் படிவுகளுக்கு அடியில், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், 20 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பகுதி மட்டும் மேல்பரப்பைவிடப் பளிச்சென்று எதிரொலித்தது. அடியிலிருந்து வரும் எதிரொலி மேலிருந்து வருவதைவிடப் பலமாக இருப்பது சாதாரணமில்லை. பூமியில் அப்படி வந்தால் தண்ணீர் என்போம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2018 ஜூலையில் அதைத்தான் சொன்னார்கள்.

உடனே வந்த எதிர்க்கேள்வி, வெப்பநிலை. அந்த ஆழத்தில் உறைநிலைக்கு 60, 70 டிகிரி கீழே இருக்கும். தண்ணீர் அங்கே திரவமாக இருக்கவேண்டுமானால் பெர்க்ளோரேட் உப்பு ஏராளமாகக் கலந்திருக்க வேண்டும், அல்லது அடியில் ஏதோ ஒரு வெப்பம் வேண்டும். 2021இல் இதே மாதிரியான பளிச் எதிரொலிகள் டஜன் கணக்கில் வேறு இடங்களிலும் இருப்பது தெரிந்தது, சில இடங்கள் உப்பு நீருக்குக்கூட மிஞ்சிய குளிர். அதே ஆண்டு வேறொரு குழு ஸ்மெக்டைட் என்ற களிமண்ணை ஆய்வகத்தில் மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர்வித்து அளந்து, உறைந்த களிமண்ணும் இப்படி எதிரொலிக்கும் என்றது. அப்புறம் வந்தவர்கள், மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்து அவற்றின் எதிரொலிகள் ஒன்றோடொன்று கூடினாலே போதும், நீரும் வேண்டாம் களிமண்ணும் வேண்டாம் என்றார்கள்.

ஷராட் ஏன் இதில் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அதன் ஆன்டெனா விண்கலத்தின் பின்புறம் இருக்கிறது, உடலே அலையை மறைக்கிறது, அந்த ஆழத்திலிருந்து அதற்கு எதுவும் கேட்கவில்லை. 2025 மே மாதம் விண்கலத்தையே 120 டிகிரி புரட்டி ஆன்டெனாவை நேராகச் செவ்வாயைப் பார்க்க வைத்தார்கள். இப்போது கேட்டது, ஆனால் மிக மங்கலாக. திரவ நீராக இருந்தால் பலமாக வந்திருக்க வேண்டும். ஆகவே ஏரிக்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது.

என்னைக் கேட்டால், இதில் யாரும் நம்மை ஏமாற்றவில்லை. பளிச்சென்ற எதிரொலி வந்தது நிஜம், இன்றைக்கும் அது அங்கேயே இருக்கிறது. ஒரு எதிரொலிக்குப் பல காரணம் இருக்கமுடியும், அவற்றில் எது என்று ஒரே அதிர்வெண்ணை வைத்துக்கொண்டு தீர்மானிக்க முடியாது. பூமியில் சந்தேகம் வந்தால் துளையிட்டுப் பார்த்துவிடலாம், செவ்வாயில் வேறு அதிர்வெண்ணில் மறுபடி கேட்பதுதான் வழி, அதைத்தான் செய்தார்கள். அடுத்த முறை 'ஏரி கண்டுபிடிப்பு' என்று தலைப்பு வந்தால் "வேறு எந்தக் காரணமெல்லாம் இதே எதிரொலியைத் தரும்?" என்ற கேள்விக்குச் செய்தியில் பதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கே: மேலே சுற்றும் கலத்திலிருந்தே பார்க்கலாம் என்றால் ரோவரில் எதற்கு ரேடார்?

ப: கிட்டப் போனால் அதிக அதிர்வெண்ணைப் பயன்படுத்தலாம், சென்டிமீட்டர் கணக்கில் நுணுக்கம் கிடைக்கும். செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ரோவரின் ரிம்ஃபாக்ஸ் கருவி நார்வேக்காரர்கள் செய்தது, 150 முதல் 1,200 மெகாஹெர்ட்ஸ், ரோவர் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு அளவு எடுக்கும். ஜெசிரோ பள்ளத்தில் ஒரு காலத்தில் ஏரி இருந்தது என்பதற்கு, நீருக்கடியில் படிந்த வண்டல் அடுக்குகளைத் தரைக்குக் கீழே 20 மீட்டர் வரை அது காட்டித் தந்தது. சீனாவின் சுராங் ரோவர் செவ்வாயில் 2 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அதற்குள் 10 முதல் 35 மீட்டர் ஆழத்தில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த அடுக்குகளைக் கண்டுவிட்டது, அது பழைய கடற்கரை மணல் என்று 2025இல் எழுதியிருக்கிறார்கள். நிலவின் மறுபக்கத்தில் யூட்டு-2 ரோவர் அதே முறையில் 40 மீட்டர் வரை பார்த்தது.

கே: சந்திரயானில் இருந்ததும் இதே ரேடாரா?

ப: உறவு உண்டு, ஆனால் வேறு. சந்திரயான்-1, சந்திரயான்-2 இரண்டிலும் இருந்தவை பக்கவாட்டில் பார்த்து மேல்பரப்பைப் படமாக்கும் ரேடார்கள், அவற்றின் அலை மேல் மண்ணில் சில மீட்டர் வரை போகும், துருவப் பள்ளங்களில் பனி இருக்கிறதா என்று தேட அது உதவுகிறது. நேர் கீழே அனுப்பி ஆழம் அளக்கும் வகையை நிலவில் முதலில் செய்தது 1972இல் அப்பல்லோ 17.

கே: இத்தனை நீள ஆன்டெனாவை ராக்கெட்டில் எப்படிக் கொண்டுபோகிறார்கள்? விரியாமல் போனால்?

ப: குறைந்த அதிர்வெண் என்றால் நீண்ட அலை, நீண்ட அலை என்றால் நீண்ட ஆன்டெனா, தப்பிக்க வழியில்லை. மார்சிஸுக்கு ஒவ்வொன்றும் 20 மீட்டர் நீளமான இரண்டு கைகள், உள்ளீடற்ற கண்ணாடியிழைக் குழாய்கள், மடித்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தது. விரியும் வேகத்தில் திரும்பி அடித்து விண்கலத்தையே சேதப்படுத்தலாம் என்று கணினிக் கணக்கு எச்சரித்ததால் ஒரு வருடத்துக்கு மேல் ஒத்திப்போட்டார்கள். 2005 மே மாதம் விரித்தபோது 13 துண்டுகளில் பத்தாவது துண்டு மட்டும் பூட்டிக்கொள்ளவில்லை. குளிரில் குழாய் விறைத்திருக்கலாம் என்று யோசித்து விண்கலத்தைத் திருப்பி அந்தப் பக்கம் வெயில் படும்படி வைத்தார்கள், சூடு ஏறியதும் தானே நிமிர்ந்து பூட்டிக்கொண்டது.

2023இல் வியாழனுக்குக் கிளம்பிய ஜூஸ் கலத்திலும் இதே தலைவலி, 16 மீட்டர் ஆன்டெனா ஒரு சின்ன முள் சிக்கியதால் பாதியில் நின்றது. வெயிலில் காட்டினார்கள், உந்து பொறியை இயக்கிக் குலுக்கினார்கள், கடைசியில் மே 12 அன்று பக்கத்தில் இருந்த விடுவிப்புக் கருவி ஒன்றை இயக்க, அந்த அதிர்ச்சியில் முள் சில மில்லிமீட்டர் நகர்ந்து விட்டுக்கொடுத்தது.

கே: வியாழனின் யூரோப்பா நிலவில் பனி ஓட்டுக்கு அடியில் இருக்கும் கடலை ரேடார் பார்த்துவிடுமா?

ப: நேரடியாக அடியைத் தொடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபரில் கிளம்பியது, 2030இல் வியாழனைச் சேரும். அதன் ரீசன் ரேடாரில் 9, 60 மெகாஹெர்ட்ஸ் என இரண்டு அதிர்வெண். பனி ஓட்டின் தடிமன் 15 முதல் 25 கிலோமீட்டர் வரை இருக்கும் என்பது பரவலான கணிப்பு. மேல்பகுதி கடும் குளிர், அலைக்கு வசதி. கீழே போகப் போகப் பனி சூடாகும், உப்பும் இருக்கலாம், இரண்டும் அலையை விழுங்கும். போதாக்குறைக்கு வியாழனே பலத்த ரேடியோ இரைச்சல் கிளப்பும் கோள், 9 மெகாஹெர்ட்ஸ் அந்த இரைச்சலுக்குள் மாட்டுகிறது. ஆகவே அந்த அதிர்வெண்ணில் வியாழனுக்கு மறுபக்கம் இருக்கும் பகுதியில்தான் நன்றாகக் கேட்கும், யூரோப்பாவே குறுக்கே நின்று இரைச்சலை மறைத்துவிடும். எனக்குக் கடலைவிட அதிக ஆசை பனிக்கு நடுவே தேங்கியிருக்கக்கூடிய நீர்ப் பைகள்மீதுதான், அவை ஆழம் குறைவு, கிடைக்க வாய்ப்பு அதிகம்.

2025 மார்ச் 1 அன்று செவ்வாயைக் கடந்தபோது இந்த ரேடாரைச் சுமார் 40 நிமிடம் இயக்கிப் பார்த்தார்கள். சூரியத் தகடுகளும் ஆன்டெனாக்களும் சேர்ந்த முழு அமைப்பை வைத்துச் சோதிக்கும் அளவுக்குப் பெரிய கூடம் பூமியில் கிடைக்கவில்லை, அதனால் முதல் முழுச் சோதனையே செவ்வாயில்தான். நன்றாக வேலை செய்தது.

கே: கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். இந்தத் தரவுகளை நானே எடுத்துப் பார்க்க முடியுமா?

ப: தாராளமாக. மார்சிஸ் அளவீடுகள் ஐரோப்பிய விண்வெளி முகமையின் கோள் ஆவணக் களஞ்சியத்திலும், ஷராட் அளவீடுகள் நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்திலும் யாரும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாக இருக்கின்றன. கிரீன்லாந்து, அண்டார்க்டிகா மேல் பறந்து எடுத்தவற்றைக் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிரீசிஸ் மையம் வெளியிட்டிருக்கிறது. நான் சொல்வேன், செவ்வாய்க்கு ஓடாமல் முதலில் கிரீன்லாந்தை எடுங்கள். அங்கே மேல்பரப்பு, உள் அடுக்குகள், அடிப்பாறை மூன்றும் தெளிவாகத் தெரியும், துளையிட்ட இடங்கள் இருப்பதால் நீங்கள் போட்ட ஆழக் கணக்கு சரியா என்று ஒப்பிட்டும் பார்க்கலாம். அது கைவந்ததும் ஷராட்டுக்குப் போங்கள். அங்கே ஒரு பள்ளத்தின் சுவரிலிருந்து பக்கவாட்டில் வந்த எதிரொலி, நிலத்தடியிலிருந்து வந்தது போலவே காட்டி உங்களைக் குழப்பும். நிலப்பரப்பின் உயர வரைபடத்தை வைத்து அப்படிப்பட்ட எதிரொலிகள் எங்கே விழும் என்று முன்கூட்டியே கணக்கிட்ட படங்களும் அதே களஞ்சியத்தில் உண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள். ரேடார் படத்தில் தெரிந்து, கணக்கிட்ட படத்தில் இல்லாத கோடு ஏதாவது அகப்பட்டால் எனக்கும் எழுதுங்கள்.